வீடு தேடுவார் கண்ட நகரம்



தமிழில் 'வீடு' என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். முதல்நிலை திரிந்த தொழிற்பெயர் என்று இலக்கணம் அதற்கு வகை கூறும். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பேறுகளுள் இறுதியாக நிற்கும் விடுதலைக்கும் அதுவே பெயர். மக்கள் உண்டு உறங்கி வாழும் உறைவிடத்துக்கும் அதுவே பெயர். இன்றைய நகரவாசி இருபது ஆண்டுக் கடனுக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு பெறும் பொருளை விடுதலைக்குரிய சொல்லாலேயே குறிப்பிடுகிறார் என்பது எண்ணி மகிழத்தக்கதா, எண்ணி வருந்தத்தக்கதா என்பதை அவையோர் முடிவுக்கே விட்டுவிடலாம்.

'மனை' என்னும் சொல்லும் இத்தகையதே. அது இல்லத்தைக் குறிக்கும், இல்லாளைக் குறிக்கும், கட்டடம் எழாத வெற்றிடத்தையும் குறிக்கும். சென்னை வட்டாரத்தில் அது ஓர் அளவையும் ஆகும். 2400 சதுர அடி ஒரு மனை. 24 மனை ஒரு காணி. அகத்திணை பேசும் மனைக்கும், பத்திரம் எழுதுவோர் பேசும் மனைக்கும் இடையில் ஒரு குடும்பம் நடந்து கடக்கும் தொலைவே இவ்வுரையின் பொருள். தமக்கென்று முதல் அடுக்ககம் வாங்க விழைவோர் சென்னையின் பகுதிகளைத் தேடி நடக்கையில் நகரம் அவர்களுக்கு எவ்வாறு காட்சி தருகிறது, அக்காட்சியில் தமிழுக்கும் பாவலர்க்கும் பங்கு உண்டா என்பனவே ஈண்டு ஆராயத்தக்கவை.

காப்பியத்தில் இரு வீடுகள்

முதல் வீடு என்னும் பொருள் தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு இரண்டு வீடுகள் வாய்க்கின்றன. மணம் முடிந்தபின் கோவலனின் தாய் மணமக்களைத் தனிமனையில் இருத்தி, இல்லறம் நடத்துமாறு வேண்டும் செல்வமும் அளிக்கிறாள். பல நிலைகள் உயர்ந்த மாடத்தின் இடைநிலையில் கணவனும் மனைவியும் அமர்ந்திருக்கும் காட்சியை மனையறம்படுத்த காதை வரைகிறது. இன்று நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் குடியேறும் இளம் இணையர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

இரண்டாம் வீடு மதுரையில். செல்வத்தை இழந்து வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி தன் ஆயர் குடியிருப்பில் வேலி சூழ்ந்த சிறு மனை ஒன்றைத் தந்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் வைக்கிறாள். அந்தச் சிறு வீட்டில்தான் கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்குக் கடைசி உணவைப் படைத்தாள். புகாரின் மாடத்தை மறந்துவிடும் வாசகரும் மாதரி தந்த சிறு மனையை மறப்பதில்லை. வீட்டின் பெருமை சதுர அடியில் இல்லை என்பதை இளங்கோவடிகள் இவ்விரு வீடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்து உணர்த்துகிறார்.

இளங்கோ நகரின் பகுதிகளையும் பிரித்துக் காட்டியவர். புகார் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பிரிந்து, இடையே நாளங்காடியைக் கொண்டிருந்தது. எப்பகுதியில் எத்தொழிலினர் வாழ்ந்தனர் என்பதை இந்திரவிழவூரெடுத்த காதை வரிசைப்படுத்துகிறது. இன்றைய சென்னையின் கடற்கரையிலும் பட்டினப்பாக்கம் என்னும் பெயருடைய பகுதி ஒன்று உண்டு. புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறும். சென்னைப் பட்டினப்பாக்கத்திலும் கடல் அரிப்பால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் உள்ளன. பெயரோடு துன்பமும் தொடர்ந்து வந்ததுபோலும்.

காணி நிலமும் பாக நிலமும்

பாரதியார் பராசக்தியிடம் ஒரு காணி நிலம் கேட்டார். அதில் மாளிகையும் கேணியும் தென்னை மரங்களும் வேண்டினார். ஒரு காணி என்பது ஏறத்தாழ 57,600 சதுர அடி. அவ்வாறு வேண்டிய கவிஞர் 1921இல் உயிர் நீத்தது திருவல்லிக்கேணியில் ஒரு வாடகை வீட்டில். அவ்வீடு பிற்காலத்தில் அரசின் நினைவு இல்லமாயிற்று. உயிரோடு இருந்த கவிஞர்க்குச் சொந்த வீடு இல்லை. மறைந்த கவிஞர்க்கு நினைவு இல்லம் உண்டு.

இன்று அடுக்ககம் வாங்குவோர் பெறும் நிலம் எவ்வளவு? கட்டடம் நிற்கும் மனையில் அவருக்கு உரியது 'பிரிபடாத பாகம்'. ஒரு மனையில் ஆறு வீடுகள் எழுந்தால், சமமாகப் பகிரும்போது ஒவ்வொருவர் பங்கும் 400 சதுர அடி. இக்கணக்கின்படி, சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விடாமலே பார்த்தால், பாரதியார் கேட்ட ஒரு காணியில் 144 குடும்பங்கள் வாழ வேண்டும். அந்த 400 சதுர அடி எங்கே இருக்கிறது என்று யாரும் கால் வைத்துக் காட்ட இயலாது. அது மாடிப்படியின் கீழும், வண்டி நிறுத்தும் இடத்திலும், மொட்டை மாடியின் நிழலிலும் பரந்து கிடக்கிறது. எல்லாருக்கும் உரியது, எவர்க்கும் தனியாக உரியதன்று என்னும் இவ்வுரிமை பழைய ஊர்ப்பொது நிலத்தின் புதிய வடிவம் என்று கருதவும் இடமுண்டு.

ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இப்பங்கே காலப்போக்கில் பெருமதிப்பு உடையதாகிறது. சுவர் பழுதடையும், மண் அவ்வாறு பழுதடைவதில்லை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் அடுக்ககச் சட்டத்துக்கு மாற்றாக 2022இல் புதிய சட்டம் நிறைவேற்றப்பட்டது. உரிமையாளருள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட அது வழி செய்கிறது. அத்தகைய நாளில் ஒருவர் கையில் எஞ்சுவது பளிங்குத் தரையன்று. பத்திரத்தில் எழுதிய பாகமே. வரவேற்பறையின் வண்ணத்தை நெடுநேரம் பார்ப்போர் பாகத்தின் அளவை ஒரு நொடியில் கடந்துவிடுதல் நன்றன்று.

பரப்பைச் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்து 1000 சதுர அடி என்று கூறப்படும் வீட்டினுள் நடந்து அளந்தால் அது பெரிதும் சுருங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், சுவர்களுக்குள் புழங்கும் 'கார்ப்பெட்' பரப்பைத் தெளிவாகக் கூறியே விற்க வேண்டும் என்று விதித்தது. நெடுநல்வாடையில் நூலறிந்தோர் கயிறிட்டு அளந்து மனை வகுத்த செய்தியைப் படித்தவர் ஓர் அளவு நாடாவை உடன் எடுத்துச் செல்வதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஊர்ப்பெயர் கூறும் செய்தி

சான்றாக ஓர் இணையரைக் கருதலாம். கணவர் ஓர் அச்சகத்தில் கணக்கர்; மனைவி பள்ளி ஆசிரியை. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருக்கும் அவர்கள் ஞாயிறுதோறும் வீடு பார்க்கக் கிளம்புகின்றனர். தரகர் தரும் வண்ணத் தாளில் எல்லாப் பகுதியும் ஒன்றுபோலவே இருக்கும்: நிலையம் அருகில், பள்ளி அருகில், மருத்துவமனை அருகில். அத்தாளில் இல்லாத செய்தி அவ்வூரின் பெயரிலேயே இருக்கிறது. அதைப் படிக்கத் தமிழ் தெரிந்திருந்தால் போதும்.

தாங்கல், ஏந்தல், ஏரி, கேணி, குளம் என்று முடியும் பெயர்கள் நீரின் முகவரிகள். பழவந்தாங்கலில் உள்ள 'தாங்கல்' சிறு நீர்நிலையைக் குறிக்கும். வேப்பேரியில் ஏரி இருக்கிறது. திருவல்லிக்கேணியில் அல்லி பூத்த கேணி இருக்கிறது. பெயரில் மட்டுமே இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் அமைத்த ஒரு குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். ஏரிக்கு ஒரு திட்டம் என்று பிற்காலத்தவர் மயங்கக்கூடும். ஏரியின்மேல் எழுந்த திட்டம் அது.

இன்று துணிக்கடலாக விளங்கும் தியாகராய நகர் 1920களில் நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து வகுக்கப்பட்ட பகுதி. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வான்சிறப்பை நூலின் இரண்டாம் அதிகாரமாக வைத்த புலவர்க்கு நீர்நிலை இருந்த இடத்தில் நினைவகம் அமைந்தது என்பதைத் தமிழறிந்தோர் எளிதில் கடந்துபோக இயலாது. அண்ணா நகரின் தோற்றம் வேறு. 1968இல் நடைபெற்ற உலக வர்த்தகக் கண்காட்சியோடு வளர்ந்த பகுதி அது. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. பூங்காவில் நிற்கும் கோபுரம் இன்றும் அக்கண்காட்சியின் சான்று.

தெற்கே சென்றால் வேளச்சேரி. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெளிச்சேரி' என்று வழங்கிய பழம்பதி அது. 'சேரி' என்பது பழந்தமிழில் சேர்ந்து வாழும் இடத்தைப் பொதுவாகக் குறித்த சொல். உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தின் பகுதிகளும் கல்வெட்டில் சேரிகளே. பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் வாழிடத்துக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்கி, பின்னர் அச்சொல்லையே இழிவாக்கியது சமுதாயம். சேரி என்று கேட்டால் முகம் சுளிப்போர் வேளச்சேரியில் கோடி ரூபாய் கொடுத்து வீடு வாங்குகின்றனர். சொல்லின்மேல் ஏற்றிய இழிவு சொல்லுக்குரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வேளச்சேரிக்கு அப்பால் பள்ளிக்கரணை. தென்சென்னையின் மழைநீரை வாங்கிக் கடலுக்கு அனுப்பும் சதுப்பு நிலம் அது. ஒரு பகுதி குப்பை கொட்டும் இடமாயிற்று. மற்றொரு பகுதியில் கட்டடங்களும் சாலைகளும் எழுந்தன. எஞ்சிய சதுப்பு 2022இல் உலக முதன்மையுடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. வேளச்சேரியும் நீரில் நின்றது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் நீரில் நின்றன. நீர் தன் பழைய முகவரியை மறப்பதில்லை. இரண்டு வெள்ளங்களுக்கும் இடையில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றனர். ஏரியை மனையாக்கிய நகரம் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒருசேர ஆளாகும் என்பது இவ்வெட்டு ஆண்டுகளில் தெளிவாயிற்று.

மேற்சொன்ன இணையர் இதை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கின்றனர். முதல் ஞாயிறு மாதிரி வீட்டின் சமையலறையைப் பார்த்தவர்கள், பத்தாம் ஞாயிறு தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்து வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்கின்றனர். கடைக்காரர் சொல்லால் விடை கூறாமல் சுவரில் ஒரு கோட்டைக் காட்டுகிறார். இசுத்திரி போடுபவர், மார்ச்சு மாதத்துக்குமேல் ஆழ்குழாயில் நீர் உப்பேறுவதைக் கூறுகிறார். கைக்குழந்தையுடன் நிற்கும் பெண், வாரத்துக்கு எத்தனை லாரி நீர் வாங்குகிறார்கள் என்பதை விரல்விட்டு எண்ணுகிறார். நகரத்தின் மெய்யான விளக்கவுரையாசிரியர்கள் இவர்களே.

வடக்கே பெரம்பூர்ப் பக்கம் செல்வோர் வேறொரு வரலாற்றைக் காண்பர். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அங்கே. திரு.வி.க. தம் பேச்சாலும் உழைப்பாலும் வளர்த்த சங்கம் அது. ஆலை 1990களில் மூடப்பட்டது. அம்மண்ணில் இன்று பன்மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த இடத்தில் இன்று கைப்பேசி மணி கேட்டு எழுவோர், தம் வீட்டின் அடியில் தமிழகத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்க அத்தியாயம் கிடக்கிறது என்பதை அறிந்திருத்தல் நன்று.

ஆவணத்தின் தமிழ்

இடம் பிடித்தபின் ஆவணங்களைப் படிக்கும் கட்டம் வருகிறது. இங்கு வழங்கும் சொற்கள் தனியழகு உடையவை. உரிமை எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதைத் தொடங்கி வைக்கும் பழைய பத்திரம் 'தாய்ப் பத்திரம்'. சொத்தின்மேல் பதிவான அடமானம், விற்பனை முதலியவற்றைக் காட்டுவது 'வில்லங்கச் சான்று'. ஊரின் நிலங்களை நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என வகைப்படுத்திக் கூறுவது 'அ-பதிவேடு'. ஏரி, ஓடை, மேய்க்கால் என ஒரு நிலம் எழுதப்பட்டிருந்தால், அங்கே வீடு வாங்குவது எவ்வளவு பெரிய இடர் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. ஊர்ப்பெயர் குறிப்பாகச் சொன்னதைப் பதிவேடு வெளிப்படையாகச் சொல்லும்.

இவற்றை ஆராயாமல் விடுவதன் விளைவைத் தமிழ்த் திரைப்படம் ஒன்று முன்பே காட்டியுள்ளது. பாலுமகேந்திரா 1988இல் இயக்கிய 'வீடு' என்னும் படத்தில், நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி நகைகளை விற்றும் கடன் பெற்றும் செங்கல் செங்கல்லாக ஒரு வீட்டை எழுப்புகிறாள். அதைக் காணவேண்டும் என்று காத்திருந்த தாத்தா கட்டி முடியாத சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மறைகிறார். இறுதியில், அந்நிலம் குடிநீர் வாரியத்தால் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்னும் செய்தி வருகிறது. அவள் எதிரே வில்லன் என்று ஒருவரும் இல்லை. ஒரு தாள் மட்டுமே உண்டு. ஆவணம் படிக்கும் அறிவு இலக்கியக் கல்விக்கு வெளியே நிற்பதன்று என்பதை அப்படம் பார்த்தவர் உணர்வர்.

கட்டுவோரின் நிலையும் மறக்கத்தக்கதன்று. 2014 சூன் 28ஆம் நாள், போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் அண்டை மாநிலங்களிலிருந்தும் தமிழகத்தின் பிற ஊர்களிலிருந்தும் வந்த தொழிலாளர். அவ்வீடுகளுள் ஒன்றிலும் குடியேறும் நோக்கம் இல்லாதவர்களே அவற்றுக்காக உயிர் இழந்தனர். வீடு தேடுவோர் மண்ணின் தன்மையையும் கட்டடத்தின் உறுதியையும் கேட்பது தம் பொருட்டு மட்டுமன்று. சாரத்தில் நிற்போர் பொருட்டும் ஆகும்.

தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாதார்

இதுவரை கூறியவை தேர்ந்தெடுக்கும் வாய்ப்புடையோர் பற்றியவை. கடன் தகுதி உடையவர், ஞாயிறு விடுமுறை உடையவர், விசாரித்தால் விடை பெறும் தோற்றம் உடையவர் ஆகியோரே நகரப் பகுதிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவர்களுள்ளும் சிலருக்குப் பெயர் கேட்டபின் கதவு சாத்தப்படுகிறது. உண்ணும் உணவு எது, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துக் கேட்கும் வினாக்களின் உட்பொருள் எது என்பதைக் கேட்கப்பட்டவர்கள் நன்கு அறிவர். தமிழில் 'நீங்கள் எந்த ஊர்' என்பது அன்பின் முதல் வினாவாகவும் இருக்கலாம். விலக்கின் முதல் வினாவாகவும் இருக்கலாம். கேட்பவர் குரலில் அவ்வேறுபாடு தெரிந்துவிடும்.

மற்றொரு திரளினர்க்குத் தேடும் வாய்ப்பே இல்லை. நகரின் நடுவே ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் 2000ஆம் ஆண்டளவிலிருந்து நகரின் தென் எல்லைக்கு அனுப்பப்பட்டன. துரைப்பாக்கத்தை ஒட்டி அவர்களுக்காக எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றின் பெயர் கண்ணகி நகர். பின்னர்ப் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகள் எழுந்தன. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் பூக்கட்டுவதற்கும் நகரின் நடுவே செல்ல வேண்டியோர் விடியலில் பேருந்துக்கு நின்றனர். பலர் பிழைப்பை இழந்தனர். கணினி நிறுவனங்களின் உயர்ந்த அடுக்ககங்களும் இக்குடியிருப்புகளும் ஒரே சதுப்பின் ஓரத்தில் நிற்கின்றன. மழைநீர் இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது.

அக்குடியிருப்புக்குக் கண்ணகியின் பெயரைச் சூட்டியவர் எக்கண்ணகியை நினைந்தாரோ! ஆனால் காப்பியம் பயின்றவர்க்கு ஒன்று தோன்றும். பொருளிழந்து புது நகருக்கு வந்து, நகரின் ஓரத்தில் பிறர் தந்த சிறு மனையில் தங்கி, நகரின் நீதியிடம் தோற்றுப் பின் வாய்திறந்து கேட்டவள் அவள். மாதரியோ அவளை இடம் கொடுத்து ஒதுக்கிவிடவில்லை. மகளைத் துணை வைத்து, கலங்கள் தந்து, அரிசியும் காயும் பாலும் மோரும் தந்து குடிவைத்தாள். வீடு கொடுப்பதற்கும் குடிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆயர் மகள் அறிந்திருந்தாள். மறுகுடியமர்வு என்று இன்று பேசுவோர் கற்க வேண்டிய பாடம் அக்காதையில் உண்டு.

பாவலர்க்கு ஒரு வேண்டுகோள்

சங்கப் புலவர் நிலத்தை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பறவையும் பொழுதும் கூறினர். அந்நுண்ணோக்கு இன்று தேவைப்படுகிறது. நகரைப் பற்றிய கவிதைகள் நெரிசலையும் புகையையும் தனிமையையும் மிகுதியாகப் பேசிவிட்டன. அம்பத்தூரின் மண் எப்படிப்பட்டது, கொளத்தூரில் எத்தனை அடியில் நீர், மேடவாக்கத்தில் மேடு எங்கே, எத்தெருவில் எந்த ஓடை அடைபட்டது என்பதைப் பேசும் கவிதை அரிதாகவே கிடைக்கிறது. புதிய குடியிருப்புகளுக்கு அயல்நாட்டு ஏரிகளின், சோலைகளின் பெயர்களை வணிகர் சூட்டுகின்றனர். உள்ளூர் ஏரியைத் தூர்த்துவிட்டு வேற்றூர் ஏரியின் பெயரைப் பலகையில் எழுதும் காலத்தில், பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பது பாவலர் கடமை. பெயர் வழக்கொழிந்தால் நீரின் முகவரியும் வழக்கொழியும். அதன்பின் வெள்ளம் வந்துதான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மன்றத்தினர் இனிவரும் ஆண்டுகளில் தத்தம் பகுதியின் தெருப்பெயர்களையும், மறைந்த குளம் கிணறுகளின் பெயர்களையும், அவற்றைப் பற்றி முதியோர் கூறும் செய்திகளையும் திரட்டி ஏடாக்கலாம். பெருஞ்செலவு பிடிக்கும் பணியன்று. மாலை நடையும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். முதல் வீடு தேடி அலையும் ஓர் இளம் குடும்பத்துக்கு அத்தகைய ஏடு வங்கி மேலாளரினும் பயன்படக்கூடும்.

மேலே கருதிய இணையர் வீடு வாங்கினரா என்று அவையோர் கேட்கலாம். அத்தகையோர் பலர் இன்னும் தேடிக்கொண்டே இருக்கின்றனர். சிலர் நகருக்கு வெகுதொலைவில் வாங்கிக் குடியேறினர். சிலர் வாடகை வீட்டிலேயே அமைந்தனர். ஆனால் ஓராண்டு தேடியவர்க்கு ஒரு பயன் உறுதி. எத்தெருவில் நீர் நிற்கும், எத்தெருவில் நிழல் நிற்கும், யார் எங்கே விலக்கப்பட்டனர் என்பதை அவர் அறிவார். அவ்வறிவை அடுத்துத் தேடி வருவோர்க்கு எடுத்துக் கூறும் கடமையும் அவருக்கு உண்டு. ஊர் என்பது அவ்வாறு ஒருவர்க்கொருவர் சொல்லி வளர்வது.

பத்தாண்டு நிறைந்த மன்றம் மேலும் பல்லாண்டு வளர்க! வாழிய தமிழ்!